கரையும் கடற்றொழிலாளரும்

கடலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையும் துறைமுகங்களையும் பற்றியே எழுதியுள்ளனர். மன்னரின் கடற்படைகளும் வணிகரின் மரக்கலங்களும் ஏடுகளிலே இடம்பெற்றன. சிறு வள்ளமோ நாளின் பெரும்பகுதியைக் கரையிலேயே கழிக்கின்றது. அந்தக் கரைத்துண்டு யாருக்கு உரியது, அதிலே எவர் எந்த ஒழுங்கிலே தம் வள்ளத்தை ஏற்றலாம் என்ற வினா வரலாற்றாசிரியரின் கண்ணிற் படுவது அரிது. உழவனுக்கு நிலம் எதுவோ, கடற்றொழிலாளிக்கு அதுவே கரை.

தொழிலின் இயல்பை முதலில் நோக்குவோம். வள்ளம் அலையெட்டாத மேட்டு மணலுக்கு இழுத்து ஏற்றப்பட வேண்டும். அதற்குப் பல கைகள் வேண்டும். வலையை விரித்து உலர்த்தவும் பொத்தவும் இடம் வேண்டும். வெளியிணைப்பு இயந்திரமும் எண்ணெயும் களவு போகாதிருக்கக் காவல் வேண்டும். ஆதலால் வீடோ வாடியோ கூப்பிடு தூரத்திலே இருத்தல் வேண்டும். காற்று மாறும்போது கரையும் மாறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் கிழக்குக் கரைக்கும் வடகிழக்குக் கரைக்கும் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் புரிவது நெடுங்கால வழக்கம். எனவே கரை என்பது வெறும் மணலன்று; அது ஓர் உற்பத்திச் சாதனம்.

இவ்வுண்மையைப் பழையோர் அறிந்திருந்தனர். உப்பு விற்று நெல்லோடு மீண்ட படகுகள் கொட்டிலிலே நிற்கும் குதிரைகளைப்போல வரிசையாகக் கட்டப்பட்டிருந்த கழிக்கரையைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகின்றது. உரோமப் பேரரசன் யுஸ்தீனியன் காலத்தில், 533ஆம் ஆண்டில், தொகுக்கப்பட்ட சட்டநூல் காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் கடற்கரையையும் எல்லோர்க்கும் பொதுவென வகுத்தது. மாரிகாலத்துப் பேரலை எட்டும் எல்லைவரை கரை என்றும், அங்கே எவரும் குடிலமைத்து ஒதுங்கலாம், வலை உலர்த்தலாம் என்றும் அது கூறியது. அடிமைகளின் உழைப்பிலே எழுந்த ஒரு சமுதாயத்தின் சட்டமுங்கூட வலை உலர்த்துபவனின் தேவையை மறக்கவில்லை என்பது சிந்தித்தற்குரியது.

நமது நாட்டிலே இவ்வொழுங்கு ஏட்டிலன்றி வழக்கிலே வாழ்ந்தது. கரைவலை இழுக்கும் இடங்கள் ‘பாடு’ எனப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து வலை வளைக்கப்பட்டது. எனினும் வழக்கம் என்ற பெயரால் அனைத்தையும் போற்றுதல் தகாது. வலையும் வள்ளமும் சம்மாட்டியின் கையிலிருக்க, கயிறு இழுத்தவன் பங்கிற்காகக் காத்து நின்றான் என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. மேலும், முறை மட்டும் இருந்தாற் போதாது. தென்னிலங்கையின் மாவெல்லைக் கிராமத்திலே முறை செவ்வனே பேணப்பட்டது. ஆயின் வலைகளின் தொகை கட்டுமீறிப் பெருகியது. தொகையை மட்டுப்படுத்தும் விதியை நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரிகள் அதனைச் செய்யவில்லை. ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறை அருகியது. உழைப்பின் பயன் குன்றியது. பொதுச் சொத்தை மக்கள் எவ்வாறு ஆளுகின்றனர் என்பதை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ரோம், 1990இல் வெளியிட்ட தமது நூலிலே இக்கிராமத்தைத் தோல்விக்கு உதாரணமாக எடுத்துக்காட்டினார்.

இனி, ஆட்சியாளர் செய்ததைக் காண்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத தரிசு நிலங்கள் யாவும் முடிக்குரியவை எனக் கொண்டது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு அது வழி திறந்ததை நாம் அறிவோம். உறுதி எழுதப்படாத நிலத்தை ஆளுவோன் உரிமையற்றவன் என்னும் அந்தச் சிந்தனையே கரைக்கும் வந்தது. பிரித்தானியர் போயினர், அச்சிந்தனை போகவில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கியது. மணலகழ்வையும் கண்டபடி கட்டடம் எழுப்புவதையும் தடுக்க அது வேண்டியதே. ஆனால் வள்ளத்துக்கு ஓர் இடத்தை உரிமையாக வழங்குவது வேறு. அனுமதியாக வழங்குவது வேறு. அனுமதியைக் கொடுத்த கை அதனைப் பறிக்கவும் கூடும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரையுள்ள நிலத்தில் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. உல்லாசப் பயண விடுதிகளுக்கோ விலக்குக் காட்டப்பட்டது. வள்ளம் கரையில் நிற்கலாம், அதன் உடையவன் உள்ளூருக்குப் போகவேண்டும் என்றால், இரவிலே இயந்திரத்தைக் காப்பவர் யார்? கடலின் குணம் மாறுவதை முற்றத்திலிருந்து பார்த்தறிபவர் யார்? அலை ஏழையை மட்டும் கொல்லும், விருந்தினனைக் கொல்லாது என்றா கருதினர்? எதிர்ப்புக் கிளம்பியது, 2005இன் இறுதியிலிருந்து அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1985இல் சென்னை மெரீனாக் கரையை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது, மீனவர் எதிர்த்தனர். காவற்றுறையின் துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. மாலையில் உலாவ வருபவனின் கண்ணுக்குக் கட்டுமரம் அழுக்காகத் தோன்றுகின்றது. அதிலே உயிர் பிழைப்பவனுக்கோ அதுவே உலை. அழகு என்பதற்கும் வர்க்கம் உண்டு என்பதை இதனிலும் தெளிவாகக் காட்ட வேண்டுமா?

வடக்கிலே கரை வேறுவிதமாகவும் பறிபோனது. 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்ட அத்துறைமுகம் 2017 யூலையிலேயே விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகள்! ஒரு தலைமுறை கரையின்றி வளர்ந்தது. போர் முடிந்த 2009க்குப் பின்னர், முல்லைத்தீவுக் கரையோரத்திலே பாடும் வாடியும் தொடர்பாகப் பிணக்குகள் எழுந்தன. இவற்றை இனப்பகையாக வளர்ப்பது சிலருக்கு ஆதாயமாயிருக்கலாம். ஆனால் மீண்டு வந்த தமிழ்த் தொழிலாளி தன் பழைய பாட்டைக் கேட்பது நியாயம். பருவத்துக்கு வரும் சிங்களத் தொழிலாளியும் வயிற்றுக்காகவே வருகின்றான். எத்தனை வள்ளம், எந்த மாதம், எந்த எல்லை என்பதை இருசாராரும் கூடித் தீர்மானிக்க விடாது, மேலிருந்து அனுமதி வழங்குவோரே அப்பிணக்கை வளர்க்கின்றனர்.

கரைக்கு ஒழுங்கு வேண்டாம் என நாம் கூறவில்லை. வள்ளங்களின் தொகைக்கு வரம்பு வேண்டும். பொதுமக்கள் கடலை அடைய இடையிலே வழி வேண்டும். மணல்மேட்டைப் பிடித்து நிற்கும் அடம்பன்கொடி மிதிபடாதிருத்தல் வேண்டும். பழுதாகிக் கைவிடப்பட்ட வள்ளம் மற்றவனின் இடத்தை மறித்தல் ஆகாது. ஆனால் இவ்வொழுங்கை வகுப்போர் யார் என்பதே வினா. கடற்றொழிலாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே, சம்மாட்டியின் குரலோடு கயிறிழுப்பவனின் குரலும் ஒலிக்க, கருவாடு உலர்த்தும் பெண்களின் சொல்லும் ஏற, முடிவுகள் எடுக்கப்படல் வேண்டும். அம்முடிவுகளுக்குச் சட்டம் காவலாக நிற்றல் வேண்டும். மாவெல்லை நமக்குப் புகட்டும் பாடமும் இதுவே.

நமது ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்க் கரைக்குச் சென்று, எந்த வள்ளம் எங்கே, யார் சொல்லின்படி நிற்கின்றது எனக் கேட்டு எழுதத் தொடங்குவார்களாயின், எழுதப்படாத ஒரு வரலாறு ஏடேறும். உறுதி இல்லாதவனுக்கு அவ்வரலாறே உறுதியாகும்.