எத்தனை பேரில் ஒருவர்? வடஆற்காட்டுக் குடல்நோய் ஆய்வுகளும் ஆரணியும்

வேலூரிலிருந்து ஆரணிக்குச் செல்லும் பேருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் போகிறது. வழியில் வரும் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவப் பிரிவு வீடுவீடாகப் பதிவேடு வைத்திருக்கிறது. பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாம் பல பத்தாண்டுகளாக அதில் ஏறிவருகின்றன. அதே சாலையின் மறுமுனையில், ஆரணியில், பட்டுத்தறியிலோ அரிசி ஆலையிலோ உழைக்கும் ஒருவருக்கு இரைப்பையில் புற்று வந்தால், ஏதேனும் ஒரு பெரிய மருத்துவமனையின் வாசலை மிதித்த பிறகே அவர் ஆய்வாளரின் கண்ணில் படுகிறார்.

இந்த வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். வடஆற்காட்டில் குடல்நோய் ஆய்வு புதிதாக எதையேனும் கண்டபோதெல்லாம், அது மருத்துவமனையை விட்டு ஊருக்குள் போய், நோயுள்ளவரோடு நோயில்லாதவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. செரிமானப் பாதைப் புற்றுநோய்களுக்கு நம் சிறுநகரங்களில் அந்த எண்ணிக்கை இன்னும் நடக்கவில்லை. அது நடக்காதவரை பிற நாட்டு மருத்துவ ஆய்வு முடிவுகளை எப்படிப் பொருத்துவது என்பதே நமக்குத் தெரியாது என்பது என் வாதம்.

தென்னிந்தியாவில் வயிற்று நோய் பற்றிய கேள்விகள் முதலில் அறுவை அரங்கிலிருந்து எழுந்தன. 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி, முன்சிறுகுடல் புண்ணால் உணவு இறங்கும் வழி அடைபட்டு மெலிந்துவந்தவர்களுக்கு ஏராளமான அறுவைகள் செய்தார். பிற்காலத்தில் வேலூரிலும் அறுவை மருத்துவம் கற்பித்தார். இந்தப் புண் தெற்கே ஏன் இவ்வளவு மிகுதி என்ற கேள்வியைப் பின்னர் மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி நாடு முழுவதற்கும் விரித்தார். இந்தியா, வங்கதேசம் ஆகியவற்றின் வயிற்றுப்புண் பரவல் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1979இல் வெளியானது. கோதுமை உண்ணும் பஞ்சாபில் முன்சிறுகுடல் புண் குறைவு, தீட்டிய அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் மிகுதி என்பது அவர் கண்ட சித்திரம். தவிட்டோடு நீங்கிவிடும் கொழுப்புப் பொருள்கள் இரைப்பையின் சவ்வைக் காப்பவை என்ற கருத்தை அவர் தொடர்ந்து முன்வைத்தார்.

ஆரணி அரிசிக்கும் பெயர்போன ஊர். நெல்லை அவித்துக் காயவைத்து, தவிடு நீக்கித் தீட்டி மூட்டை கட்டும் ஆலைகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. ஆகவே டோவியின் கருத்து இவ்வூருக்கு வெறும் ஏட்டுச் செய்தியாகாது. பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்ததும், 2005இல் அதற்காக நோபல் பரிசு பெற்றதும் இந்தக் கேள்வியை முடித்துவைக்கவில்லை. இந்தியாவில் பெரும்பாலான பெரியவர்களிடம் அக்கிருமி உண்டு. புண் மிகுந்த பகுதி, குறைந்த பகுதி என்ற வேறுபாட்டைக் கிருமியின் பரவல் மட்டும் விளக்கிவிடாது. ஆனால் டோவியின் சித்திரத்துக்கு அடிப்படை பெரும்பாலும் மருத்துவமனைகளின் அறுவைக் குறிப்பேடுகளும் மருத்துவர்கள் தந்த தகவல்களும்தான். மருத்துவமனை நன்றாக இயங்கும் இடத்தில் நோய் மிகுதியாகத் தெரியும். எட்டாத இடத்தில் நோயாளி கணக்கில் வராமலே போய்விடுவார். இந்தக் குறையை அறுவை அரங்குக்குள் இருந்துகொண்டு தீர்க்க வழியில்லை.

தீர்க்கும் வழியைக் காட்டியது வேலூரின் ஸ்ப்ரூ ஆய்வு. 1960களின் தொடக்கத்தில் வடஆற்காட்டுக் கிராமங்களில் வயிற்றுப்போக்கு நோய் ஒன்று கொள்ளைநோய் போலப் பரவியது. காலராவைப் போல இரண்டொரு நாளில் முடிகிற நோயாக அது இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பேதி நீடித்தது. உடல் வற்றியது, நாக்கு புண்ணானது, ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் குறைந்து சோகை பிடித்தது. குழந்தைகளைவிடப் பெரியவர்களை அது மிகுதியாகத் தாக்கியது. பலர் இறந்தனர். வேலூரில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அவர்களுடைய குழுவினரும் இதை வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று இனங்கண்டு, ஊர் ஊராகப் போய் எந்த வீட்டில் எப்போது யாருக்கு வந்தது என்று பதிந்தார்கள். ஒரு கிராமம், அதன் வீடுகள், அவற்றிலிருந்த அத்தனை பேர் என்பதே அவர்களுடைய ஆய்வலகாக இருந்தது.

அவர்கள் கையாண்ட கருவியைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். 1957இல் அறிமுகமான கிராஸ்பி குப்பி, விழுங்கக்கூடிய அளவுள்ள சிறிய உலோகக் கூடு. மெல்லிய நீண்ட குழாயின் நுனியில் பொருத்தி அதை விழுங்கச் செய்வார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து, அது இடைச்சிறுகுடலை அடைந்துவிட்டதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்வார்கள். பிறகு வெளியே உள்ள ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சினால், கூட்டின் பக்கத் துளைக்குள் குடற்சவ்வு சிறிது இழுபடும். உள்ளிருக்கும் சிறு கத்தி சுழன்று அதை நறுக்கும். அந்தத் துணுக்கை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, பாடநூல் சொன்ன விரல் வடிவக் குடலுறிஞ்சிகள் பலரிடம் இல்லை. அவை இலைபோல் தட்டையாகவும் வரப்புப்போல் ஒட்டியும் கிடந்தன. வியப்பு என்னவென்றால், நோயாளிகளிடம் மட்டுமல்லாமல், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட, எந்தத் தொல்லையும் சொல்லாத ஆட்களிடமும் இம்மாற்றம் இருந்தது. சைலோஸ் என்னும் சர்க்கரையைக் குடிக்கச்செய்து 5 மணி நேரச் சிறுநீரில் அதை அளந்தபோது, நலமாக இருந்தவர்களிலும் கணிசமானோர் அதைச் சரிவர உறிஞ்சவில்லை.

இது இங்குள்ளோரின் பிறவிக்கூறு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டர்களாக வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலும் சில மாதங்களில் இதே போல் மாறியது என்று ஜான் லிண்டன்பாமும் அவர் குழுவும் 1966இல் காட்டினர். நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடல் ஆண்டுகள் செல்லச்செல்ல விரல் வடிவத்துக்கு மீண்டதையும் பின்னர் அவர்களே பதிவுசெய்தனர். நீரும் நிலமும் கிருமியும் சேர்ந்து குடலை மாற்றுகின்றன என்பது தெளிவாயிற்று. பேக்கரும் மாத்தனும் இந்த அமைதியான மாற்றத்தையும் ஸ்ப்ரூ என்னும் நோயையும் பிரித்து நிறுத்தினர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஊட்டப்பொருள்களையேனும் குடல் உறிஞ்சத் தவறவேண்டும், வேறு காரணம் கண்டறியப்படாமல் இருக்கவேண்டும் என்ற அவர்களின் வரையறையை உலகம் ஏற்றது. மின்னணு நுண்ணோக்கியில் மின்னி மாத்தன் செய்த ஆய்வுகள் குடற்செல்களின் சிதைவை இன்னும் நுணுக்கமாகக் காட்டின. நலமான கிராமத்தாரின் குடலைப் பார்க்காமல் இருந்திருந்தால், வேலூர் மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு தட்டைக் குடலையும் நோய் என்றே எழுதியிருப்பார்கள். எந்தத் தொல்லையும் இல்லாதபோதும் குப்பியை விழுங்கிய அந்தக் கிராமத்தாருக்கு இத்துறை பட்டிருக்கும் கடன் பெரிது.

அதே முறையின் அண்மைய வெற்றி கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோயைப் பற்றியது. பி. எஸ். ராமகிருஷ்ணாவும் பிற மையங்களின் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேர் சோதிக்கப்பட்டனர். நோயின் பரவல் வடக்கே 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. நோய்க்கு இடம்தரும் மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. கோதுமை உண்ணும் அளவிலோ பெரும் வேறுபாடு. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு ஒருபோதும் வந்திருக்க முடியாது. சப்பாத்தியும் பரோட்டாவும் ஆரணியின் இரவு உணவில் ஏறிக்கொண்டே வரும் இந்நாளில் அந்த 0.10 அப்படியே நிற்குமா என்பதையும் ஊருக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும்.

எண்ணிக்கையில் விடுபட்டவர்கள் முடிவையே ஐயத்துக்குள்ளாக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. எஸ். பி. தியாகராஜன், பாருக் பிளம்பர்க் உள்ளிட்டோர் 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு நம்மவருக்குப் பெருமிதம் தந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி தந்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளப்புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. நாட்பட்ட ஹெபடைடிஸ் பி கல்லீரல் புற்றுக்கு இட்டுச்செல்லும் என்பதால் இதன் எடை மிகப் பெரிது. ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து ஆய்வுகளில் இந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. செடியின் வகை, பறித்த காலம், பக்குவம் என்று பல விளக்கங்கள் வந்தன. எனக்கு உறுத்துவது அந்த 37க்கும் 23க்கும் உள்ள இடைவெளி. கடைசிவரை கணக்கில் நின்றவர்களைக் கொண்டே ஓர் ஆய்வு பேசுகிறது. நடுவில் நின்றுபோனவர்கள் யார், ஏன் திரும்பவில்லை என்பது தெரியாவிட்டால் எந்த விழுக்காட்டையும் உறுதியோடு ஏற்க இயலாது.

ஆரணியில் ஓர் ஆய்வு தொடங்கினால் இந்த இடத்தில்தான் அது தடுமாறும். குழித்தறியில் கால்களை இறக்கி உட்காரும் நெசவாளருக்குக் கூலி சேலைக்கு உண்டு, நாளுக்கு இல்லை. பாவு ஏற்றிவிட்டால் அதை நெய்து இறக்கும்வரை எழ மனம் வராது. முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் பின்னால் நிற்கும். வீட்டுப் பெண்கள் ஊடைக்கு நூல் சுற்றித் தருகிறார்கள். ஒருவர் வேலூர் போனால் அன்று இருவர் வேலை நிற்கும். சாப்பிட்டது செமிக்கவில்லை, நெஞ்சு கரிக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்பவரை, "நேரத்துக்குச் சாப்பிடல, அல்சராத்தான் இருக்கும்" என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். மெடிக்கலில் வாங்கும் மாத்திரை அமிலத்தை அடக்கி வலியைக் குறைக்கிறது. இரைப்பைப் புற்றின் தொடக்கநிலையிலும் இம்மாத்திரை தொல்லையைத் தணிக்கும், நோயை அது தொடாது. எடை குறைந்து, மலம் கருத்த பிறகு எண்டோஸ்கோப்பிக்குப் போகும்போது பலருக்கு அறுவைக்குரிய கட்டம் கடந்திருக்கும்.

புற்றுநோய்ப் பதிவே நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை மக்கள்தொகையின் புற்றுநோய்களைப் பதிந்துவருகிறது. இரைப்பைப் புற்று அங்கே ஆண்களிடம் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. தமிழ்நாடு முழுவதையும் தழுவிய பதிவுத் திட்டத்தையும் அந்நிலையம் 2012 முதல் நடத்துகிறது. இது மிகப் பெரிய பணி. ஆயினும் பதிவேடு கண்டறியப்பட்ட நோயை எண்ணுகிறது. திசுப் பரிசோதனை வரை போகாமல், வயிற்றுநோய் என்ற பெயரிலேயே வீட்டில் இறந்தவர் அதில் விடுபட வாய்ப்புண்டு. வீடுவீடாகச் செல்லும் அரசுப் பரிசோதனைத் திட்டங்களும் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளோடு நின்றுவிடுகின்றன. வாய்க்குக் கீழே உள்ள உணவுப்பாதை முழுவதும் அந்தப் படிவத்துக்கு வெளியே இருக்கிறது.

உடனே இரைப்பைப் பரிசோதனையையும் சேர்த்துவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் நாடு தழுவி இரைப்பையைச் சோதிப்பதற்கு அங்குள்ள மிக உயர்ந்த நோய்விகிதம் காரணம். கிருமி மிகுந்திருந்தும் அதற்கேற்ப இரைப்பைப் புற்று இல்லாத நாடு இந்தியா. நோய் அரிதாக உள்ள இடத்தில் எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்த்தால், பலனைவிட அலைச்சலும் அச்சமும் மிஞ்சும். அரிதா மிகுதியா என்பதுதான் ஆரணி போன்ற ஊர்களுக்குத் தெரியாதது. சீனாவின் ஷாண்டோங் மாநிலத்து லிங்கூ வட்டாரத்தில் கிருமியை ஒழித்தால் புற்று குறையுமா என்று பார்க்க 980 கிராமங்களை எடுத்து, கிராமம் கிராமமாகச் சிகிச்சைக் குழுக்களாகப் பிரித்து, 1,80,000க்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். 2024இல் வெளியான முடிவில் முழுச் சிகிச்சை பெற்ற கிராமங்களில் இரைப்பைப் புற்று ஓரளவு குறைந்திருந்தது. அந்தப் பலன் மிகுதியாக நோயுள்ள ஒரு வட்டாரத்தின் பலன். ஆரணிக்கு அதே மருந்தை அதே எதிர்பார்ப்போடு எடுத்துவர நமக்கு ஆதாரம் இல்லை. எல்லோருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் ஆபத்து மட்டும் உறுதி.

ஆகவே முதல் ஆய்வு மருந்தில்லாத ஆய்வாக இருக்கவேண்டும். ஆரணி நகராட்சியின் சில தெருக்களையும் சுற்றியுள்ள சில நெசவுக் கிராமங்களையும் தேர்ந்து, தறி உள்ள வீடு, ஆலைத் தொழிலாளர் வீடு, உழவர் வீடு என்று பாராமல் அத்தனை பேரையும் எழுதவேண்டும். கணியம்பாடியில் பழகிய முறையும் பயிற்சி பெற்றவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நலமாக உள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, மலத்தில் கிருமியின் தடயத்தைச் சோதிக்கலாம். இதற்குக் குப்பி விழுங்கத் தேவையில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம், சூடாக உண்ணும் பழக்கம், அரிசியின் வகை, குடிநீர் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். கடந்த ஆண்டில் ஊரில் நிகழ்ந்த ஒவ்வொரு இறப்புக்கும் வீட்டாரிடம் பொறுமையாக விசாரித்து, கடைசி மாதங்களில் உணவு இறங்கியதா, எடை குறைந்ததா, காமாலை இருந்ததா என்று குறிக்கவேண்டும். எண்டோஸ்கோப்பி தேவைப்படுவோரின் பட்டியல் இந்தக் கணக்கிலிருந்து எழட்டும். அவர்களுக்குச் சிகிச்சைக்கான வழி ஆய்வு தொடங்கும் முன்பே உறுதியாகியிருக்கவேண்டும்.

தொடர் கண்காணிப்பின் தேதிகளை ஆய்வகத்தின் வசதிக்கு வைக்காமல், ஒரு பாவு இறங்கி அடுத்த பாவு ஏறும் இடைவெளியிலும், மழையில் குழியில் ஈரம் ஏறித் தறி நிற்கும் நாட்களிலும் வைக்கவேண்டும். வேலூருக்கு வரச்சொல்லும் நாளின் கூலியை ஆய்வின் செலவிலேயே சேர்த்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கவேண்டும். சோதனையின் முடிவை எழுத்தில், தமிழில், சோதனைக்கு உட்பட்டவரின் கையிலேயே கொடுத்து, அதன் பொருளை அங்கேயே உட்கார்ந்து விளக்கவேண்டும்.