சங்கிலியை அறிந்த கைகள்

பாரிஸ் மாநகரின் தென்புறத்தே பிசேத்ர் என்றொரு பெரிய காப்பகம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழைகளும் நோயாளிகளும் மனநலம் குன்றியோரும் அங்கே ஒருங்கே அடைக்கப்பட்டனர். மனநோயாளர் பலரை இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைப்பது அந்நாளைய வழக்கம்.

1771-ஆம் ஆண்டில் ழான் பாப்டிஸ்ட் புசேன் என்னும் தோல் பதனிடும் தொழிலாளி, கண்டமாலை நோயுற்று அங்கு வந்து சேர்ந்தார். தீராது என்று கருதப்பட்ட நோய் தீர்ந்தது. ஆயினும் அவர் வெளியேறாமல் அங்கேயே பணியாளரானார். 1780-களின் நடுவில் மனநோயாளர் பிரிவின் பொறுப்பை ஏற்று, நோயாளிகளை அடிப்பதைத் தடை செய்தார். தமக்கு உதவியாளரை இயன்றவரை நலமடைந்த மனநோயாளரிடையே இருந்தே தெரிந்தெடுத்தார். சங்கிலியின் கனத்தைத் தன் கையில் உணர்ந்தவன், அதைப் பிறர் கையில் பூட்டத் துணிவானா?

1793-இல் பிலிப் பினெல் என்னும் மருத்துவர் அங்கு வந்தார். கற்றறிந்த அவர், பட்டம் ஏதுமில்லாத புசேனின் அனுபவத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1801-இல் வெளியிட்ட தம் நூலில் அக்கடனை மறவாமல் குறித்தார். பினெல் வேறு மருத்துவமனைக்குச் சென்றபின், 1797-இல் பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவர் புசேனே. ஆனால் பிற்காலம் அப்புகழை மருத்துவருக்கே சூட்டியது. நலமடைந்து பிறருக்குத் துணைநின்ற அந்த உதவியாளர்களையோ வரலாறு முற்றிலும் மறந்தது.

அவர்களோடு ஒரு பாடத்தையும் நாம் மறந்தோம். மருத்துவம் இன்றியமையாதது, அதனை எவரும் விலக்கலாகாது. பினெலும் புசேனும் இணைந்தே பணியாற்றினர். ஆயினும், ‘இந்த இருளில் நானும் இருந்தேன், வெளியே வந்தேன்’ என்று கூற, அதனைக் கடந்து வந்தவரால் மட்டுமே இயலும். துன்புற்றோர் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடும் இன்றைய குழுக்களின் வலிமை இதுவே.

பங்குப் பணியில் இல்லங்களைச் சந்திக்கும்போது, மனநோயுற்ற மகனை உள்ளறையில் இருத்திவிட்டு, ‘வெளியூரில் இருக்கிறான்’ என்று கூறும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஊரார் பேச்சுக்கு அஞ்சுகிறார்கள். அதே தெருவில் நலம் பெற்ற ஒருவர் இருக்கக்கூடும். அவரும் அதே அச்சத்தால் வாய் திறப்பதில்லை. இவ்விருவரும் ஒருநாள் ஒரே திண்ணையில் அமர்ந்து பேச நாம் வழிவிடுவோமா?