தக்கையும் இறகும்

அகமதாபாத்தில் வாழும் தமிழன்பர்களுக்குப் பொங்கல் திருநாளன்று, பால் பொங்கும் வேளையிலேயே, மாடிதோறும் பட்டம் விடுவோரின் ஆரவாரமும் கேட்கும். தில்லியில் அக்காட்சியை ஆகஸ்டு 15ஆம் நாளில் காணலாம். பிள்ளைகள் நூலும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டால் படிப்புக் கெட்டதென்று நம்மில் பலர் முகஞ்சுளிக்கிறோம். ஆயினும் வானூர்தியின் வரலாற்றில் முதல் ஏடுகளை நிரப்பியவை இத்தகைய விளையாட்டுப் பொருள்களே.

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஜார்ஜ் கேலி ஒரு பறக்கும் பொம்மையைச் செய்தார். அதில் இரண்டு தக்கைகள். ஒவ்வொன்றிலும் சாய்வாகச் செருகிய நான்கு இறகுகள். மேல் தக்கையில் ஒரு குச்சி. கீழ்த் தக்கையின்மேல் ஒரு சிறு வில். வில்லின் நடுத்துளையில் குச்சியின் கூர்முனை நிற்கும். நாணைக் குச்சியில் சுற்றி விட்டுவிட்டால், வில் நிமிரும்போது இரு தக்கைகளும் எதிரெதிராகச் சுழன்று பொம்மை மேலெழும். மேல் இறகுகளின் சாய்வும் கீழ் இறகுகளின் சாய்வும் மாறுபட்டிருத்தல் வேண்டும். தவறினால் ஒன்று தூக்க, மற்றது அமுக்கும். இச்செய்முறையைக் கேலி 1809இல் அச்சிட்டு யாவருக்கும் பொதுவாக்கினார். அவர் கையாண்ட திமிங்கில எலும்புக்கு மாற்றாக நமக்கு மூங்கிற் சிம்பு போதும். இறகுக்கோ, மும்பை மாடி வீடுகளின் பலகணியை விட்டகலாத புறாக்களே வள்ளல்கள்!

வில்லை நீக்கி, முறுக்கிய ரப்பரை வைத்தவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். கடற்படைத் தலைவர் ஒருவரின் மகனாகிய அவருக்கு, இடுப்பு நோயினால் கடற்படைப் பணி கிட்டவில்லை. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில், ரப்பர் முறுக்கால் இயங்கும் சிறு விமானமொன்றை அவர் பறக்கவிட்டார். 11 விநாடிகளில் அது ஏறத்தாழ 40 மீட்டர் சென்றது. 1876இல் இருவர் அமரத்தக்க விமானத்துக்குத் திட்டம் வரைந்து காப்புரிமையும் பெற்றார்; கட்டுவதற்குப் பொருளுதவி செய்வார் இலர். 1880இல், தமது 30ஆம் வயதில், மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், ஒரு பாதிரியார் வெளியூர் சென்று திரும்புகையில் தம் புதல்வர்க்கு ஒரு பொம்மை வாங்கிவந்திருந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் இவற்றாலான அது பெனோ வகுத்த அமைப்பே. 11 வயது வில்பரும் 7 வயது ஆர்வில்லும் அதற்கு 'வௌவால்' என்று பெயரிட்டனர். அது உடைந்தபின் தாமே செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. அளவை இருமடங்காக்கினால் ஆற்றல் எண்மடங்கு வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1908இல் எழுதிய கட்டுரையில் அதனை அவர்களே விளக்கியிருக்கிறார்கள். சோர்வுற்றுப் பட்டம் விடத் திரும்பினர். அதுவும் வீணாகவில்லை. 1899இல் இறக்கையை முறுக்கித் திருப்பும் முறையை ரைட் சகோதரர்கள் முதலிற் சோதித்தது, 5 அடிப் பட்டமொன்றில், ஊர்ச் சிறுவர்கள் பார்த்திருக்கத்தான்.

1903 டிசம்பர் 17ஆம் நாள் ஆர்வில் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி, 120 அடி. மீட்டர்க் கணக்கில் 37க்கும் குறைவு; துய்லெரிப் பூங்காவில் பெனோவின் பொம்மை கடந்த தொலைவைவிடச் சற்றே குறைவு.