பதிவேடும் துபாஷியும்

இன்வர்டு, அவுட்வர்டு ரிஜிஸ்டர்களோடு முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால்தான் பக்கத்துத் தெரு ஹாம் ரேடியோ நண்பர் தம் பழைய போட்டி நோட்டுகளைக் காட்டியபோது கீழே வைக்க மனம் வரவில்லை.

அமெச்சூர் வானொலிப் போட்டிகளில் சில 48 மணி நேரம் நடக்கும். உலகம் முழுவதும் உள்ள நிலையங்களோடு முடிந்தவரை தொடர்பு கொள்ள வேண்டும். பெரிய போட்டி ஒன்றில் உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், நம்முடையது 22. ஒவ்வொரு தொடர்புக்கும் நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி, மண்டல எண் எல்லாம் பதிவாக வேண்டும். ஒரே அலைப்பட்டையில் அதே நிலையத்தை மறுபடி பிடித்தால் புள்ளி இல்லை. அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு தாளில் அகரவரிசைப்படி குறித்துக்கொண்டே வருவார்களாம். ஒரு கை மோர்ஸ் சாவியில், ஒரு கை பேனாவில், தூக்கம் கண்ணில்.

1980-களில் இந்த வேலையை டாஸ் கணினி எடுத்துக்கொண்டது. டிஆர் லாக் போன்ற நல்ல நிரல்கள் வந்தன. ஆனால் அவை விலைக்கு விற்கப்பட்டவை; மூல நிரல் எழுதியவரிடமே இருந்தது. டாஸ் மறைந்து, 1991-இல் பிறந்த லினக்ஸ் பரவியபோது அந்த நிரல்கள் அங்கே ஓடவில்லை. பயன்படுத்தியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

எனக்கு இது புதிதல்ல. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூத்த எழுத்தர் ஒருவர் கோப்புகளுக்குத் தனக்கு மட்டும் புரியும் குறியீட்டில் அட்டவணை வைத்திருந்தார். ஓய்வு பெற்றார், சில மாதத்தில் காலமும் ஆனார். அதன்பின் ஒரு விதவை அம்மாளின் குடும்ப ஓய்வூதியக் கோப்பைத் தேடி எடுக்க எங்களுக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. மாதா மாதம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி நான் வேறு வழியாகப் போயிருக்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் நெதர்லாந்து அமெச்சூர் ஒருவர் லினக்ஸுக்காக டிஎல்எஃப் என்ற பதிவு நிரலை எழுதத் தொடங்கினார். அவர் தொடங்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது. திரையின் தோற்றத்தை டிஆர் லாக் போலவே வைத்தார்; பழகின விரல்கள் தடுமாறவில்லை. எல்லாவற்றையும் தானே எழுதவும் இல்லை. மோர்ஸ் அனுப்ப இன்னொருவரின் சிறு நிரல். எந்த அழைப்புக்குறி எந்த நாடு என்பதற்குத் தன்னார்வலர் பராமரிக்கும் பட்டியல். வானொலிப் பெட்டியோடு பேச, 2000-இல் தொடங்கிய ஹாம்லிப். ஒவ்வொரு கம்பெனிப் பெட்டிக்கும் ஒவ்வொரு கட்டளை மொழி அல்லவா? அத்தனைக்கும் நடுவே நிற்கும் துபாஷி அது. ஆனந்தரங்கப் பிள்ளை ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஹாம்லிப்பை முதலில் வளர்த்தவர்களில் ஒரு பிரெஞ்சுக்காரரும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

டிஎல்எஃப் வெளியானது ஸ்டால்மன் 1989-இல் வகுத்த ஜிபிஎல் உரிமத்தில். ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீ' என்று சொல்லிக் குழப்புவார்கள். பிரெஞ்சில் குழப்பமே இல்லை: 'லிப்ர்' வேறு, 'கிராத்துய்' வேறு. நம் தமிழிலும் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். சில வருடம் கழித்து ஜெர்மன் அமெச்சூர் ஒருவர் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். பல நாட்டவர் திருத்தம் அனுப்புகிறார்கள். அட்டவணை யாருடைய தலைக்குள்ளும் பூட்டிக் கிடக்கவில்லை.

போன நவம்பரில் நண்பர் வீட்டில் அந்த நிரலைப் பார்த்தேன். நாம் பிரெஞ்சிந்தியாவாக இருந்த காலத்தில் நம் ஊருக்குத் தனி அழைப்புக்குறி உண்டு: எஃப்.என்.8. 1954 அக்டோபர் 31-ஓடு அது நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நான் பிறந்தது அந்த எஃப்.என்.8-இல். அதைத் தட்டச்சு செய்து பார்க்கச் சொன்னேன். பட்டியலில் இல்லாததால் முதல் எழுத்தை மட்டும் வைத்து 'பிரான்ஸ்' என்றது நிரல்.

"சார், இதை நீங்களே திருத்தி அனுப்பலாம், தெரியுமா?" என்றார் நண்பர்.

"முடித்து வைத்த கோப்பு தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.