தீர்ப்பில்லாச் சிறை: மட்டக்களப்பின் விளக்கமறியல் வரலாறு

பரோல் என்பது தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்த கைதியை, எஞ்சிய காலத்துக்கு நிபந்தனைகளோடும் கண்காணிப்போடும் வெளியே வாழ விடும் முறையாகும். 1840இல் நோர்போக் தீவின் தண்டனைக் குடியேற்றத்தைப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மக்கானக்கி, கைதிகள் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் ஈட்டும் புள்ளிகளைக் கொண்டு விடுதலையை நெருங்க வகைசெய்த திட்டம் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1984இல் அமெரிக்க மத்திய அரசு பரோலை நீக்கச் சட்டமியற்றியபோது அங்கே சிறைகளை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் தீர்ப்புப் பெற்றவர்கள். இலங்கைச் சிறைகளிலோ அண்மைக் காலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன்னரே நீதிமன்ற உத்தரவின்பேரில், வைக்கப்பட்டவர்கள். தண்டனையே விதிக்கப்படாதவருக்குக் குறைப்பதற்கு ஏது காலம்?

குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமும், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாது கண்காணிப்பில் விட இடமளித்த 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் தீர்ப்புக்குப் பிந்திய நிலையைப் பற்றியே பெரிதும் சிந்தித்தன. 1979இல் நிறைவேறிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தீர்ப்புக்கு முந்திய காலத்தையே நீட்டியது. அமைச்சரின் ஆணையால் மும்மாதத் தவணைகளாகப் 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்கவும், அதன்பின் வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கவும் அது வழிவகுத்தது. தற்காலிக ஏற்பாடு என்ற பெயருடன் வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

1983 ஜூலை 25, 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபின், உயிர்தப்பியோர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர். செப்டெம்பர் 23ஆம் நாள் இரவு அவர்களும், குற்றவியல் வழக்குகளில் அடைபட்டிருந்த பலரும் சிறையை உடைத்து வெளியேறினர். விடுதலைப் போராட்டத்தின் வீரச் செயலாகவே இது பெரிதும் எழுதப்பட்டுள்ளது. எனினும், விடுதலை நாளென ஒன்று குறிக்கப்படாத, ஏற்கெனவே ஒரு சிறையில் படுகொலையைக் கண்ட மனிதர்கள் அங்கே இருந்தனர் என்பதையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும்.

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என வகுத்தது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளுக்கு அது பொருந்தாமற் போயிற்று. போர் முடிந்தபின்னும் இந்நிலை தொடர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்கில் 2015இல் கைதான கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் தீர்ப்பின்றி மட்டக்களப்புச் சிறையிலிருந்தபடியே 2020 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2021 ஜனவரியில் வழக்கே கைவிடப்பட்டது. கொலையுண்டவரின் தரப்புக்கோ குற்றஞ்சாட்டப்பட்டவருக்கோ அந்த ஐந்தாண்டுகளால் நீதி கிட்டியதெனக் கூறவியலாது. 2021 மே மாதம் கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்காகக் கைதான பத்துப் பேரும் மாதக்கணக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அடைபட்டிருந்தனர்.

அச்சட்டத்துக்கான 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச வரம்பை 12 மாதங்களாகக் குறைத்ததோடு, கைதாகி 12 மாதங்கள் கடந்தும் விசாரணை தொடங்காவிடின் பிணை கோரவும் இடமளித்தது. தீர்ப்பற்றோர் நிறைந்த சிறையைப் பொறுத்தவரை பரோலுக்கு ஈடான சீர்திருத்தம் இதுவே. ஆயினும் அப்பிணையை வழங்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டதால், மட்டக்களப்பின் வாகரையிலோ வெல்லாவெளியிலோ வாழும் குடும்பம் அதனைக் கோர வழக்கறிஞரை அமர்த்திக் கொழும்பை நாட வேண்டியிருந்தது.