கிருஷ்ணனும் பேகனும்

நம் அகங்களில் விளக்கேற்றியதும் பாடப்படும் பாட்டுகளில் "கிருஷ்ணா நீ பேகனே" ஒன்று. யமுனா கல்யாணி ராகம். கும்பகோணத்தில் என் தாயார் பாடக் கேட்டே வளர்ந்தவன் நான்.

பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்கள் பாடம் வந்த அன்று இந்தப் பாட்டு எனக்கு விளங்கிவிட்டது. பேகன், பழனி மலைப் பக்கத்தை ஆண்ட வள்ளல். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். கிருஷ்ணன் தலையிலோ மயிற்பீலி. ஆகவே, "கிருஷ்ணா, நீயே பேகன்" என்கிறார் பாட்டெழுதியவர்! அடுத்து வரும் "பாரோ", "என்னைக் கொஞ்சம் பாரேன்" என்ற கெஞ்சல். நல்லவேளை, இந்த ஆராய்ச்சியைத் தமிழ் வாத்தியாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காது தப்பியிராது.

1974இல் உத்தியோக நிமித்தம் பெங்களூர் வந்தேன். மல்லேஸ்வரத்தில் ஜாகை. ஒரு நவராத்திரிக்குத் தாயார் வந்திருந்து, கொலுவின் முன் இதைப் பாடினாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "ரொம்ப நன்னா பாடறீங்க அம்மா. ஆனா 'பே' இல்லே, 'பே3'. பே3க அப்படின்னா சீக்கிரம். பா3ரோ அப்படின்னா வாடா. யசோதை குழந்தையைக் கூப்பிடறா" என்றாள்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், "முப்பது வருஷமாக் கூப்பிட்டுண்டிருக்கேன். கூப்பிடறேன்னே தெரியாமப் போச்சேடா" என்றாள்.

நிற்க. தவறு எங்கே நேர்ந்தது? தாயாரின் பாட்டு நோட்டில்தான். ப, ப3 இரண்டையும் சொல்ல உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. ஆனால் ப3 சொல்லும்போது தொண்டையில் குரல் நாண்களும் அதிர்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால்தான் சங்கீதப் புத்தகங்களில் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண்கள் போடுவது வழக்கம். தாயார் நோட்டில் எண் இல்லை. "நகுமோமு" கிருதியில் வரும் க2க3ராஜுவுக்கும் அதே கதிதான். எண்கள் உதிர்ந்துவிட்டால் அது பட்சிராஜனான கருடன் என்று எப்படித் தெரியும்?

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்கள் நமக்கு அந்நியமே அல்ல. தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப3' என்று தொடங்கும். வெல்லம் பெ3ல்ல, வெண்ணெய் பெ3ண்ணெ, வா பா3. பே3கவுக்குள் ஒளிந்திருப்பது நம் "வேகம்"தான்.

பாட்டை இயற்றியவர் என்று வழங்கப்படும் ஸ்ரீ வியாசராயர், மைசூர் அருகே பன்னூரில் அவதரித்தவர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் விஜயநகரத்தில் பெரும் மதிப்புடன் விளங்கியவர், புரந்தரதாசருக்குக் குரு. 1539இல் மறைந்தார். ஹம்பியை அடுத்த ஆனேகுந்தியில் அவருடைய பிருந்தாவனம் இருக்கிறது. நியாயாம்ருதம், தர்க்கதாண்டவம் போன்ற கடினமான சாஸ்திர நூல்களை ஸம்ஸ்கிருதத்தில் எழுதினார். பாமரருக்கும் புரிய வேண்டிய பக்தியைக் கன்னடத்தில் பாடினார். புரிய வேண்டும் என்றே அவர் பேச்சுமொழியில் பாடியதை, நாம் புரியாமலேயே பாடிக்கொண்டிருந்தோம்!

இதே பாட்டுக்கு அபிநயம் பிடித்துப் புகழ் பெற்றவர் பாலசரஸ்வதி. 1976இல் சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில், கடற்கரையில் அவர் இதற்கு ஆடுவதைக் காணலாம். கன்னடம் அறியாதவருக்கும் அந்தக் கைகள் அர்த்தம் சொல்லிவிடும். நோட்டைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. ராஜாஜியும் கல்கியும் அந்தப் பக்கம் நின்றார்கள். என் தகப்பனார் எதிர்க்கட்சி. "நாதத்துக்குப் பாஷை ஏது?" என்பார். நானும் வெகுகாலம் அப்படியே சொல்லிவந்தேன். தாயார் அன்று சொன்ன வார்த்தைக்குப் பிறகு அந்த வாதம் வாயில் வரவில்லை. அதற்காகப் பிறமொழிப் பாட்டுகளை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. அர்த்தம் தெரிந்துகொண்டு பாடலாமே என்பதுதான்.

இந்த ஊர் உப்பை ஐம்பது வருஷமாகத் தின்கிறேன். ஆட்டோவுக்கும் கறிகாய்க்கும் போதுமான கன்னடம்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் பஜனைகளில் ஒரு தாசர் பதம் பாடும் முன், ஒரு கன்னட நண்பரை அழைத்து, அர்த்தத்தை இரண்டு நிமிஷம் சொல்லச் சொன்னால் என்ன? அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டும்.

அந்த நவராத்திரிக்குப் பின் தாயார் பத்து வருஷம் இருந்தாள். பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம், பாடிக்கொண்டே ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.