சடாக்கோ கதையில் நான் சொன்ன தவறு



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் செட்டில் படித்த ஒருவருடைய மகன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அவன் பெயரில் எல்லோரும் சேர்ந்து ஒரு நிதி திரட்டப் போகிறார்களாம். "நீங்க வகுப்புல சொன்ன சடாக்கோ கதை மாதிரிதான் சார். அவ விட்டதைத் தோழிகள் முடிச்சாங்கல்ல?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆகஸ்ட் 6 வந்தால் நான் அந்தக் கதையைச் சொல்வேன், நினைவிருக்கும். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நோய் தீரும் என்று நம்பிய சிறுமி, 644 மடித்தபோது இறந்துவிட்டாள், மீதியைத் தோழர்கள் மடித்தார்கள் என்று. அந்த 644, எலினோர் கோயர் 1977-ல் எழுதிய சிறுவர் நூலில் வருவது. அது கதை, வரலாறு வேறு.

சடாக்கோ சசாக்கி பிறந்தது 1943-ல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது வயது இரண்டு. வீடு ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். உடம்பில் காயம் இல்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரியாக வளர்ந்தாள். 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து சுற்றி வந்த தாளில்கூட கொக்கு மடித்தாள். ஆயிரத்தை அவளே முடித்துவிட்டாள் என்கிறது ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம். முடித்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த அக்டோபர் 25-ல் இறந்தாள். வயது 12.

ஆயிரம் முடித்தும் பிழைக்கவில்லை என்பதை வகுப்பில் சொல்ல எனக்கு மனசு வந்திருக்குமா, தெரியவில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

அப்படியானால் தோழர்கள் முடித்தது என்ன? அவளோடு ஆறாம் வகுப்பில் படித்த பிள்ளைகள், அதற்குள் அடுத்த பள்ளிக்குப் போயிருந்தவர்கள், அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடினார்கள். சடாக்கோவுக்கும், குண்டினால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு சிலை வைப்பது என்று முடிவானது. அடுத்த மாதமே ஹிரோஷிமாவில் ஜப்பான் முழுவதிலுமிருந்து வந்த நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் மாநாடு. பிள்ளைகள் நோட்டீஸ் அடித்துக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 3,100-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது.

1958 மே 5, ஜப்பானின் குழந்தைகள் தினத்தன்று சிலை திறக்கப்பட்டது. ஒன்பது மீட்டர் உயரம். உச்சியில் ஒரு சிறுமி கொக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வடித்தவர் கசுவோ கிகுச்சி. உள்ளே தொங்கிய மணி, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஹிடெக்கி யுகாவா கொடுத்தது. சிலையின் பெயரில் சடாக்கோ இல்லை. அது குழந்தைகள் அமைதி நினைவுச் சின்னம். ஒரு பிள்ளைக்காகத் தொடங்கியதை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று அந்தச் சிறுவர்கள் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் சடாக்கோவைத் தெரியாதவர்களும் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இன்றும் உலகம் முழுவதிலுமிருந்து கொக்குகள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன.

அந்த மாணவிக்கு இதைத்தான் சொன்னேன். அம்மா, அவன் வாழ்க்கையை நாம் முடித்து வைக்க முடியாது. போன உயிருக்குப் பணம் ஈடாகாது, அந்த அப்பா அம்மாவின் துக்கமும் தீராது. முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் மட்டும் தொடங்குங்கள். அவன் பெயரை வைத்து, அவனைப் போல ஆஸ்பத்திரியில் கிடக்கிற மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யுங்கள். வரவு செலவைப் பைசா விடாமல் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள்.

அவன் அப்பா நேற்று போனில் சரி என்றார். வேறொன்றும் பேசவில்லை. பென்ஷன் வந்ததும் என் பங்கு 5,000 ரூபாய் வந்துவிடும்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சடாக்கோ கதை சொல்லும்போது, 644 என்று சொல்லாதீர்கள். சார் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லுங்கள்.